அமைதித் திரை

பதினொரு நிமிடம் நாற்பது வினாடி. அந்த நேரம் முழுக்க ஸ்குவாட்ரன் லீடர் பூதலிங்கம் ஒரு தடவைகூட உயரத்தைப் பார்க்கவில்லை. கடலுக்கடியிலிருந்து எடுத்த அவருடைய ஹெல்மெட்டின் பதிவு அப்படித்தான் சொன்னது. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரி. போர் விமானத்தின் காக்பிட்டில் எந்த எண் எங்கே தெரிய வேண்டும், என்ன நிறத்தில், எத்தனை பெரிதாக என்று முடிவு செய்வது என் வேலை. இருபது வருஷமாக இதே பிழைப்பு. "எம்மவ பிளேனுக்குக் கலரு பாத்துக் குடுக்கா" என்று அம்மா கோவிலில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன். ஆனால் ஒரு எண் தப்பான இடத்தில் இருந்தால் ஆள் செத்துப்போவான் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போர் விமானியின் முன்னால் ஒரே நேரத்தில் அறுபது எழுபது தகவல்கள் நிற்கும். வேகம், உயரம், எரிபொருள், திசை, எதிரி, நண்பன், ஆயுதம், அதற்கு மேல் சிவப்பு எழுத்துகள். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் எதையும் பார்க்க முடியாது. அதற்காக நாங்கள் உண்டாக்கியதுதான் அமைதித் திரை. ஹெல்மெட்டின் முன்கண்ணாடியில் தகவல்கள் தெரியும். உள்ளே இருக்கும் குட்டிக் கேமராக்கள் விமானியின் கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதே இல்லை என்று ஒவ்வொரு முறை பறக்கும்போதும் படித்துக்கொள்ளும். பார்க்காததை மெல்ல மங்கவைத்து, கடைசியில் எடுத்துவிடும். வேண்டுமென்றால் அந்தக் காலி இடத்தை இரண்டு வினாடி பார்த்தால் போதும், திரும்ப வந்துவிடும்.

விமானிகள் கொண்டாடினார்கள். "வீட்டுல மிக்ஸி, டிவி, குக்கர் எல்லாம் ஒண்ணா நின்ன மாதிரி இருக்கு மேடம்" என்று முதல் நாள் இறங்கி வந்து சொன்னவர் பூதலிங்கம்தான். நாகர்கோவில் பக்கத்து ஆள். நெடுநெடுவென்று உயரம், பேசும்போது தரையைப் பார்த்துதான் பேசுவார். தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள் என்று அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் அந்தத் தளத்தில், அதன் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அவரைவிடத் தாழப் பறக்கக்கூடியவர் யாரும் இல்லை.

அன்றைக்கும் தாழப் பறக்கும் பயிற்சிதான். காலை பத்து மணி. முன்னால் ஆளில்லாத ஒரு சின்ன இலக்கு விமானம் போகும், கடலுக்கு மேலே நூற்றைம்பது அடியில் அதைத் துரத்த வேண்டும். அந்த உயரத்தில் எச்சரிக்கைக் குரல் ஓயாமல் கத்தும் என்பதால் அதை அணைத்துவிட்டுத்தான் எல்லாரும் பறப்பார்கள். காற்றே இல்லை. கடலில் ஒரு அலைகூட இல்லை, லேசான மூட்டம், வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளை. இலக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவரும் அதன் பின்னால் இறங்கிக்கொண்டே போய்க் கடலில் மோதிவிட்டார்.

விபத்து நடந்தால் கடைசி மூன்று நாளில் விமானி எப்படித் தூங்கினார், என்ன சாப்பிட்டார், வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டு நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஓட்டுநர் இல்லாத தளத்து வண்டி என்னைக் குடியிருப்பு வாசலில் இறக்கிவிட்டுத் தானாகத் திரும்பிப் போனது. அவருடைய மனைவி உமையாளுக்கு முப்பத்தொரு வயது. நாலு வயதுப் பெண் குழந்தை, பகவதி, அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சரசரவென்று நடந்துகொண்டிருந்தது.

தூக்கம் சரி, சாப்பாடு சரி. பதினாலாவது கேள்விக்கு வந்தோம். பணிக்குப் புறப்படும் முன் வீட்டில் மனவருத்தம் ஏதும் உண்டா?

உமையாள் குழந்தையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"புள்ளைக்கு சாஸ்தா கோயில்ல வச்சு காது குத்தணும்னு இருந்தோம். எங்க அண்ணன் மடியில வச்சுத்தான குத்தணும்? அவன் மஸ்கட்லேருந்து லீவு போட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போயாச்சு. அன்னைக்கு காலம்பற அவிய இட்லி தின்னுக்கிட்டே, இந்த மாசமும் முடியாது, தள்ளிப்போடுவோம்னு சொன்னாவ. எனக்கு எங்கேருந்துதான் அப்படி வந்துச்சோ. 'நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான், நாங்க போய்க்கிடுவோம்'னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல்ல. தட்டைக் கழுவி வச்சிட்டுப் போயிட்டாவ."

நான் 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, அதுல டிக் போட்டா என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லா வீட்டிலயும் கேக்கறதுதான்" என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை வந்தது. 'விமானியின் கவனக்குறைவு. குடும்பச் சூழலால் மனம் சிதறியிருக்கக்கூடும்.' எங்கள் பிரிவுத் தலைவர் வேதமூர்த்தி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம திரையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல ஹெப்சிபா. தப்பிச்சோம்" என்றார். காப்பி வரவழைத்தார். நானும் குடித்தேன்.

மறுநாளே உமையாள் தளத்து வாசலில் இருக்கும் பார்வையாளர் அறைக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். பத்து கிலோ இறங்கியிருப்பாள் போலிருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"குடும்பச் சூழல்னா நான்தான? நான் சொன்னதைத்தான எழுதியிருக்காவ?"

கொண்டுவந்திருந்த ஃபைலை மேசைமேல் வைத்தேன்.

"அழுகையில நானே அந்தச் சொல்லை வெளிய உளறிட்டேன். எங்க மாமியார் எங்கிட்ட பேசி பன்னெண்டு நாளாச்சு. நான் போட்ட சாயாவைத் தொடல்ல. காரியத்துக்கு வந்த சனம் பூரா என் மூஞ்சியைத்தான் பாத்துது. அதுகூட போட்டும் எக்கா. நெசமாவே நான் சொன்ன சொல்லுதான் அவியளைக் கொன்னுச்சா? அதை மட்டும் சொல்லுங்கோ. நீங்க படிச்சவிய."

படித்தவள் என்ன செய்வாள்? ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். கண் எங்கெங்கே போனது என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் படம் அது. "இங்க பாருங்க. இதெல்லாம் அவர் பார்த்த இடம். துரத்தின விமானம், குறி, வேகம். உயரம் வேணும்னா இந்த இடது ஓரத்தைப் பார்த்தா வரும். இங்க ஒரு புள்ளிகூட இல்ல. பதினொரு நிமிஷமும் பார்க்கவே இல்ல. ஏன்னு எங்களுக்குத் தெரியல. அதனாலதான் அப்படி எழுதியிருக்காங்க."

உமையாள் அந்தத் தாளை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அது கோபச் சிரிப்பு.

"எக்கா, அவிய எதையாவது நேராப் பாத்து நீங்க பாத்திருக்கியளா?"

"புரியல."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அரை மணிக்கூர் இருந்தாவ. குனிஞ்ச தலை நிமிரல்ல. தட்டுல இருந்த முந்திரிக்கொத்தையே பாத்துக்கிட்டிருந்தாவ. அவிய வண்டி ஏறினதும் எங்கம்மை ஒரே அழுகை. பையனுக்குப் பிடிக்கல்ல, பொண்ணை ஏறிட்டே பாக்கல்லன்னு. எங்கப்பா வேற எடம் பாக்கச் சொல்லி தரகர்ட்ட சொல்லியாச்சு. மறுநாள் போன் வருது. 'பொண்ணுக்கு இடது கையில தீக்காயம் இருக்கே, பால் கொட்டினதா, மருந்து போட்டாச்சா'ன்னு கேக்காவ. முந்தானை மறைச்சிருந்த காயம் எக்கா. காப்பி நீட்டும்போது ஒரு நொடி விலகியிருக்கும். எங்க வீட்டுல ஒருத்தராவது நம்பணுமே!"

தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இந்த மெஷினும் எங்கம்மை மாதிரிதான் சொல்லுகு. ஏறிட்டுப் பாக்கல்லன்னா பாக்கவே இல்லன்னு."

தாளின் அந்தக் காலி ஓரத்தைத் திரும்பப் பார்த்தேன். கண்ணின் நடுப்பகுதி எழுத்தைப் படிக்கும், ஓரம் எழுத்தைப் படிக்காது, ஆனால் அசைவைப் பிடித்துக்கொள்ளும் என்பது முதல் வருஷப் பாடம். நானே ஒரு கல்லூரியில் நாலு வருஷம் அதை நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் கேள்வியாகக் கொடுத்து மார்க்கும் போட்டிருக்கிறேன்.

திரும்பி வந்து நேரே தௌஃபீக்கின் மேசைக்குப் போனேன். காயல்பட்டினத்துப் பையன், கண்ணைப் படிக்கும் மென்பொருள் முழுக்க அவன் எழுதியது.

"பூதலிங்கம் சார் பறந்த எல்லாப் பதிவையும் எடு. உயரம் மாறின நேரத்தையும் அவர் கை அதைத் திருத்தின நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல போடு. கண்ணை விட்டுரு."

"கண்ணை விட்டுட்டா நம்ம சிஸ்டத்துல மிச்சம் என்ன மேம் இருக்கு?"

"போடு, சொல்றேன்."

சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டான். முந்தின மாடல் திரையோடு இருநூற்றுப் பதின்மூன்று தடவை பறந்திருந்தார். உயரம் இருபது அடி மாறினால் போதும், அரை வினாடியில் அவர் கை அதைத் திருத்தியிருந்தது. ஒவ்வொரு தடவையும். அப்போதெல்லாம் கண் எங்கே இருந்தது? இலக்கின் மேல். ஓரத்தில் ஏறி இறங்கும் அந்த உயரப் பட்டையை அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை, ஒரு நாளும் விட்டதுமில்லை. அப்புறம் புது மாடல் வந்தது. அதில் உயரப் பட்டை மங்கி மறைந்துவிட்டது. அதில் இரண்டே தடவைதான் பறந்தார். முதல் நாள் கடலில் நல்ல அலை இருந்தது, தண்ணீரைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். இரண்டாம் நாள் அலை இல்லை. அன்றைக்குக் கை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

தௌஃபீக் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான். "மேம், அப்போ அவர் எப்பவும் பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கார்."

"ஆமா."

"நாமதான் எடுத்துட்டோமா?"

"நான் எடுத்தேன்ப்பா. நீ இல்ல."

எப்படி எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் நீக்கக் கூடாதவை என்று எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. உயரம் அதில் மூன்றாவது. பட்டியல் நீண்டுகொண்டே போனதால் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். புதன்கிழமை தோறும் பட்டியலில் இருக்கும் ஒன்றைக் கூண்டில் ஏற்றுவோம். அது வேண்டும் என்று யாராவது வாதாட வேண்டும். வாதாட ஆள் இல்லாவிட்டால் அதன் பாதுகாப்பு போய்விடும். புதன்கிழமைப் பஞ்சாயத்து என்று பெயர். பஜ்ஜி வரும், கேலி பறக்கும், எனக்கு அந்த வாரத்திலேயே பிடித்த ஒரு மணி நேரம் அதுதான். உயரத்தின் முறை வந்த புதன்கிழமை விமானிகள் சார்பில் வந்திருந்தவர் பூதலிங்கம். நான் வண்ணப்படம் போட்டுக் காட்டினேன். தாழப் பறக்கும்போது, இருநூற்றுப் பதின்மூன்று தடவையில், சார் உயரத்தைப் பார்த்தது பூஜ்யம்.

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எனக்கே ஆச்சரியமா இருக்கு மேடம். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு நெனச்சேன். ரிக்கார்டு பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லாது சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன். தன் கண்ணைவிட என் தாளை அந்த மனுஷன் நம்பினார்.

வேதமூர்த்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. என் மாமனார் இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்.

"நீ சொல்றது சரியாதான் இருக்கும். நாளைக்கே உயரத்தைத் திரும்பப் போட்டுருவோம். நாப்பத்திரண்டு விமானத்துலயும். சத்தமில்லாம. இனி யாரும் சாக மாட்டாங்க. அறிக்கை அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"அந்தப் பொண்ணு?"

"போனவர் வரப்போறாரா? அவரே சம்மதிச்சுக் கையெழுத்து போட்டிருக்காரு, நீ மறந்துராதே. நீ போய்ப் பேசினா திரையையே வேணாம்னு தூக்கிருவாங்க. இந்தத் திரை வந்த பிறகு எத்தனை பேர் தப்பிச்சிருக்காங்கன்னு உனக்கே தெரியும். அப்புறம், உனக்கு என்ன வயசு, நாப்பத்தாறா? வேற எவன் வேலை குடுப்பான்?"

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் நானும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உமையாள் போட்ட சாயாவைத் தொடாத அந்த மாமியார்தான் என் நினைப்பில் வந்து வந்து நின்றாள். மூன்றாம் நாள் விசாரணைக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன்.

தலைவர் குரூப் கேப்டன் பணிக்கர், ஒற்றப்பாலத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் வரைபடங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கணக்குல எதையும் காட்டலாம் டாக்டர்." நான் வாதாடவில்லை. தரையிலேயே பறந்து பார்க்கும் பயிற்சிக் கூண்டில் ஒரு பத்து நிமிஷம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள் சார் என்றேன். ஐயாயிரம் மணி நேரம் பறந்தவர், சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார்.

முதல் தடவை உயரப் பட்டையோடு கொடுத்தேன். அதே மூட்டம், அதே அலையில்லாத கடல், அதே இலக்கு. நூற்றைம்பது அடியில் ரயில் போகிற மாதிரி போனார்.

"உயரத்தைப் பார்த்தீங்களா சார்?"

"பின்னே? பார்க்காம எப்படிப் பறக்கறது?"

பதிவைத் திருப்பிக் காட்டினேன். அவரும் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். அடுத்த தடவை பட்டையை எடுத்துவிட்டேன், அவரிடம் சொல்லாமல். நாற்பத்தொரு வினாடியில் கடலில் விழுந்தார். கூண்டு சிவப்பாகி நின்றது. அவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"பூதலிங்கத்துக்கு ஏதோ குறையுதுன்னு தோணியிருக்காதா?" என்று பிறகு கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். காலி இடத்தில் கண் இரண்டு வினாடிக்குக் குறைவாக நின்றால் எங்கள் பதிவு அதைப் பார்வை என்றே கணக்கில் எடுக்காது. அப்படி விட்டுப்போனதை மட்டும் தௌஃபீக் தனியாகப் பிரித்து எடுத்திருந்தான். விழுவதற்கு முன் கடைசியாக, இருநூற்றுப் பதினைந்து பறத்தல்களில் முதல் முறையாக, பூதலிங்கம் திரும்பி நேராக அந்த இடது ஓரத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றே முக்கால் வினாடி பார்த்திருக்கிறார்.

"இரண்டு வினாடி பார்த்தாத்தானே வரும்?"

"ஆமா சார்."

"இரண்டுன்னு யார் வச்சது?"

"முதல்ல ஒண்ணுதான் இருந்தது. சும்மா சும்மா வந்து வந்து போகுதுன்னு விமானிகள் குறை சொன்னாங்க. நான்தான் இரண்டாக்கினேன் சார்."

அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுவலகத்தில் நான் அழுதது அது ஒரு தடவைதான். பணிக்கர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு என் கையெழுத்துக்காக வாக்குமூலத் தாளை நீட்டினார்.

அறிக்கை மாறியது. 'விமானியின் மேல் தவறில்லை. திரையின் வடிவமைப்பில் குறை.' நாற்பத்திரண்டு விமானங்களிலும் உயரம் திரும்ப வந்தது. திரையைத் தூக்கவில்லை, விமானிகளே அது வேண்டும் என்றார்கள். எடுத்தது என்னைத்தான். நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். வேதமூர்த்தி வாசல் வரைக்கும் வந்தார்.

போவதற்கு முன் உமையாளைப் பார்க்கப் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அறிக்கை மாறிய செய்தி முன்னாலேயே அவர்களுக்குப் போயிருந்தது. குடியிருப்பைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கூடத்தில் மாமியார் பகவதிக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். "எம்மா உமையா, யாரு வந்திருக்கான்னு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அதைக் கேட்டதும் என் வேலை போனதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

உமையாள் உள்ளறையில் கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்து அவருடைய சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த அறிக்கையின் பக்கத்தைப் படித்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"அப்படின்னா கவனக்குறைவு இல்ல."

"இல்லம்மா. தப்பு எங்க மேல. என் மேல. அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் இடம் விட்டு உட்காரச் சொன்னாள். அவளுடைய அந்தப் பெருந்தன்மைக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கைப்பையில் இன்னொரு தாள் இருந்தது. அவளுக்காகவே எடுத்து வந்தது.

"இதையும் பாருங்க. இது விசாரணைக்குப் போகல, இன்னும் சோதனையில இருக்கிற விஷயம். கண்மணி விரியறது, நாடி, இதையெல்லாம் வச்சு மனசு வேலையில இருக்கா, வேற எங்கயாவது போகுதான்னு ஹெல்மெட்டே அளந்துக்கும். மனசு வெளிய போனா இந்தக் கோடு கீழ விழும். பாத்தீங்களா? விழவே இல்ல. பதினொரு நிமிஷம் நாப்பது வினாடியும் அவர் மனசு முழுக்க வேலையிலதான் இருந்திருக்கு. காலையில நடந்ததை அவர் நெனைக்கவே இல்ல உமையாள். நீங்க சொன்ன சொல்லு அவரை ஒண்ணுமே செய்யல."

எத்தனை பெரிய விஷயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி. அவள் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலால் தடவினாள். திரும்ப ஒரு தடவை தடவினாள்.

"ஒரு தடவைகூடவா இல்ல?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"புள்ள நெனப்பும்?"

நான் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்போ எங்க நெனப்பே இல்லாமத்தான் போனாவளா எக்கா?"

கூடத்தில் பகவதி இன்னொரு வாய் வேண்டாம் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. உமையாள் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இத்தனை நாளும் நான் அதை நெனச்சு நெனச்சுத்தான் செத்துக்கிட்டிருந்தேன். நான் சொன்னது அவிய காதுல கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்னு. நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கும். ஆனாலும் கடைசி வரைக்கும் நான் அவிய கூட இருந்தேன்லா? சண்டைக்காரியாவாவது இருந்தேன்லா?"

இருபது வருஷமாக எது தேவை எது தேவையில்லை என்று பிறருக்கு முடிவு செய்தவள் நான். அந்தத் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

அவள் தாளை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அந்த அறிக்கை எனக்குப் போதும். ஊருக்கும் சொந்தத்துக்கும் அதைக் காட்டிக்கிடுகேன். இதைக் கிழிச்சிருங்கோ."

கிழித்தேன். நாலாக, எட்டாக, கோடு தெரியாத அளவுக்குப் பொடியாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு நீலச் சட்டையை எடுத்து, மடிப்பு கலையாமல் பெட்டியில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"சண்டை போட்ட நெனப்புலதான் போயிருப்பாவ, என்ன எக்கா?"

"ஆமாம்மா" என்றேன். "அதே நெனப்புலதான் போயிருப்பார்."